படகில் மூன்றாம் ஆள் இல்லை

கோபித்துக்கொண்டு பேச்சை முறித்த இருவர் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு எழும்ப வேண்டி வந்தால் அதற்கும் நம்மவர்களிடம் ஒரு வழி உண்டு. நடுவில் மூன்றாம் ஆள் ஒருவரை வைத்துக்கொள்வார்கள். "அவருக்கு இன்னும் கொஞ்சம் சோறு வேணுமோ எண்டு கேளுங்கோ" என்பார் ஒருவர். "போதுமாம் எண்டு சொல்லுங்கோ" என்பார் மற்றவர். நடுவில் இருப்பவர் வாய் திறக்கவே வேண்டாம். சும்மா இருந்தால் போதும். ஆள் கிடைக்காத வீடுகளில் பூனையே அந்த வேலையைப் பார்த்துவிடும்.

செல்வரத்தினமும் அவருடைய அத்தான் குலசேகரமும் ஏழு வருடமாக இப்படித்தான் உறவு கொண்டாடி வந்தார்கள். காரணம் காணியோ காசோ அல்ல, கிரிக்கெட். பழைய மாணவர் சங்கத்தின் கோடைகாலப் போட்டியில் குலசேகரம் வாழ்க்கையில் முதல் தடவையாக ஐம்பதை எட்டப் போனார். நாற்பத்தெட்டில் பந்து காலில் பட்டது. பந்துவீசியவன் கேட்டதுகூட ஒப்புக்குத்தான். நடுவராக நின்ற செல்வரத்தினம் அரை நிமிடம் யோசித்து விரலைத் தூக்கினார். சொந்த அக்காவின் புருசனுக்கு. குலசேகரம் மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நேரே காருக்குப் போனவர்தான். அன்றைக்கு அவர் மட்டன் ரோல் கூடச் சாப்பிடவில்லை என்பதைச் சனம் இன்றைக்கும் ஆச்சரியமாகச் சொல்லும்.

இதில் இன்னொரு கொடுமை, செல்வரத்தினத்தின் தொழில். லண்டனின் ஃபாரஸ்ட் கேட்டில் அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். அந்த வட்டாரத்துத் தமிழ்ச் சனத்தில் பாதிப் பேருக்குக் கண் பார்த்து நம்பர் எழுதிக் கொடுப்பவர் அவர்தான். ஊருக்கே கண் பாக்கிறவருக்குத் தன்ரை கண் தெரியேல்லை என்று குலசேகரம் ஆட்களிடம் சொல்லியனுப்பினார். அத்தான் குரோய்டனில் டிராம் ஓட்டினவர், தண்டவாளத்தை விட்டு அங்காலை இங்காலை திரும்பத் தெரியாது என்று செல்வரத்தினமும் சொல்லியனுப்பினார். செய்திகள் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தன.

இப்போது குலசேகரத்தின் ஒரே மகள் ஜதுர்ஷிகாவுக்குக் கல்யாணம். தை மாதக் கடைசியில் நாள். அக்கா பாலாம்பிகை தனியாக வந்து அழைப்பிதழைத் தந்துவிட்டுப் போனாள். அத்தானுக்குத் தடிமன், மூக்கு ஒழுகுது, அதுதான் வரவில்லை என்றாள். மறுநாள் ஜதுர்ஷிகாவே போன் எடுத்தாள். "மாமா, மணவறைக்கு நீங்கதான் என்னோட நடந்து வாறீங்க, ஓகே?" என்று கேட்டாள். ஓம் குஞ்சு என்றார் செல்வரத்தினம். போனை வைத்த பிறகுதான், அத்தான் இன்னும் சொல்லவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

கல்யாணம் என்றால் வீட்டுத் தலைவன் வாயால் சொல்ல வேண்டும். அழைப்பிதழைத் தபால்காரனும் கொண்டுவந்து போடுவான். வாயால் சொல்லாத கல்யாணத்துக்குப் போய் நிற்பவனைச் சபை எப்படிப் பார்க்கும் என்பது செல்வரத்தினத்துக்குத் தெரியும். அவரே அப்படிச் சிலரைப் பார்த்திருக்கிறார். அத்தான் சொல்லாவிட்டால் தான் போவதில்லை என்று மனைவி அருள்நாயகியிடம் சொல்லிவிட்டார். பிள்ளைக்கு ஓம் என்று சொன்னதையும் அவளிடம் சொன்னார். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். அருள்நாயகி, கலியாணத்துக்குச் சாறி எடுக்கிறதோ விடுகிறதோ என்று மட்டும் கேட்டாள்.

நாள் போய்க்கொண்டே இருந்தது. குரோய்டனில், அத்தான் வீட்டில் இருந்து ஒரு சத்தமும் இல்லை.

செல்வரத்தினத்துக்குக் குளிர்காலச் சனிக்கிழமைகள் மீனுக்கு உரியவை. லண்டனின் வடகிழக்கில், லீ ஆற்றை ஒட்டியுள்ள நீர்த்தேக்கம் ஒன்றில் படகு வாடகைக்குக் கிடைக்கும். அங்கே சாண்டர் என்று ஒரு மீன் உண்டு. அமெரிக்காவில் வால்ஐ என்று பெயர் பெற்ற மீனின் ஐரோப்பியச் சகோதரன். கண் கண்ணாடிக் குண்டுபோல் வெளிறி இருக்கும், மங்கலான வெளிச்சத்திலும் தெளிவாகப் பார்க்கும். ஒரு கண் பரிசோதகர் இந்த மீனில் மனதைப் பறிகொடுத்ததில் வியப்பில்லை. பிடித்த மீனைத் திரும்ப விட்டுவிட வேண்டும் என்பது அந்த இடத்துச் சட்டம். பந்தியில் உட்கார்ந்து இலையைப் பார்த்துவிட்டு எழும்பி வருவது மாதிரியல்லவோ இது என்று பாலாம்பிகை முன்பொரு தரம் கேட்டிருக்கிறாள்.

வழக்கமாகச் செல்வரத்தினத்துக்குப் படகுத் துணை யாக்கோப்பு. மன்னார்க்காரன், வேன் ஓட்டுகிறவன், சிரித்த முகம். தமிழர்கள் சிலரைச் சேர்த்து இந்தச் சனிக்கிழமைப் பழக்கத்தை உண்டாக்கியவனே அவன்தான். வேலையில் இருந்து ஓய்வு பெற்ற குலசேகரமும் போன இலையுதிர்காலத்தில் அதில் வந்து ஒட்டிக்கொண்டார். அவருக்கு நிர்மலன் என்ற இளைஞனைத் துணையாக்கி, இரண்டு படகையும் எதிரெதிர்த் திசையில் அனுப்பிவிடுவது யாக்கோப்பின் ராஜதந்திரம்.

இந்தச் சனிக்கிழமை அந்த ராஜதந்திரம் ஆட்டம் கண்டது. நிர்மலன் வரவில்லை. யாக்கோப்பு வந்தான், ஆனால் முதுகைப் பிடித்துக்கொண்டு வந்தான். படகில் குந்த ஏலாது, கஃபேயில் சூடாக இருக்கிறேன் என்றான். படகுத் துறையில் இருந்த வெள்ளைக்காரப் பெண் குளிர்காலத்தில் யாரையும் தனியாகத் தண்ணீருக்கு விடமாட்டாள். மிஞ்சியிருப்பது இரண்டு பேர், ஒரு படகு.

செல்வரத்தினம் தண்ணீரைப் பார்த்தார். காற்றில்லை. வானம் தாழ்ந்து சாம்பல் நிறமாக இருந்தது. சாண்டருக்கு இதைவிட நல்ல நாள் கிடைக்காது. பக்கத்தில் குலசேகரமும் அதே தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். தலையில் இருந்து கால்வரை புத்தம்புதிய உடுப்பு, விலைச்சீட்டைக் கிழித்த அடையாளம் தொப்பியில் இன்னும் இருந்தது.

"யாக்கோப்பு, வாறதெண்டால் வரட்டாம்" என்றார் குலசேகரம்.

"ஏறுறதெண்டால் ஏறட்டாம்" என்றார் செல்வரத்தினம்.

யாக்கோப்பு ஒன்றும் சொல்லவில்லை. முதுகு வலிக்காரன் குனிந்து படகின் கயிற்றை அவிழ்த்தது செல்வரத்தினத்துக்குக் கொஞ்சம் உறுத்தியது. அக்காவின் கை இதில் இருக்குமோ என்று நினைப்பதற்குள் படகு துறையை விட்டு நகர்ந்துவிட்டது.

துறையில் இருந்து கூப்பிடு தூரம் போன பிறகுதான் சங்கடம் முழுதாகப் புரிந்தது. படகில் மூன்றாம் ஆள் இல்லை. பூனையும் இல்லை.

அணைக்கட்டுப் பக்கமாக ஆழமான இடத்துக்குப் போக வேண்டும். ஆழம் காட்டும் திரையைப் பார்த்துக்கொண்டு செல்வரத்தினம் மின் மோட்டாரை மெதுவாக ஓட்டினார். குளிர் கூடினால் சின்ன மீன்கள் ஆழத்தில் கூட்டமாக ஒதுங்கும். பெரியவை அவற்றின் கீழே, தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும். திரையில் மேகம்போல் ஒரு கூட்டமும் அதன் அடியில் இரண்டு மூன்று கீறல்களும் தெரிந்தன. நங்கூரத்தை இறக்கினார். குலசேகரத்துக்கு அது புரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனால் கேட்கவும் முடியாதே. கடைசியில் பக்கத்தில் நீந்திய நீர்க்காகத்திடம் கேட்டார்.

"ஏன் இந்த இடமாம்?"

நீர்க்காகம் முங்கிப் போய்விட்டது. செல்வரத்தினம் தேநீர்க் குடுவையை எடுத்து மூடியைத் திருகியபடி, கீழே மீன் கிடக்கு என்று குடுவைக்கு விளக்கினார்.

அதற்குப் பிறகு இருவருக்கும் வசதியாகிவிட்டது. குலசேகரம் தன் கேள்விகளைத் தூண்டில் பெட்டியிடம் கேட்டார். செல்வரத்தினம் பதில்களைத் தேநீர்க் குடுவையிடம் சொன்னார். இப்படியே குளிர்காலச் சாண்டர் பிடிக்கும் வித்தை முழுவதும் ஒரு குடுவைக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்டது. ஈயத் தலை வைத்த இறப்பர் பொய் மீனைப் படகுக்கு நேர் கீழே தரை தட்டும்வரை இறக்க வேண்டும். பிறகு ஒரு சாண் தூக்கி அப்படியே பிடிக்க வேண்டும். அவ்வளவுதான். கோடையில் மீன் துரத்திக்கொண்டு வரும், ஆட்டினால் பிடிபடும். குளிரில் அதற்குச் சோம்பல். மூக்குக்கு முன்னால் ஒன்று அசையாமல் நின்றால்தான் யோசித்து யோசித்து வாயைத் திறக்கும். அப்போதும் வெடுக்கென்று இழுக்காது. நூலில் ஈரத்துணி தொங்கினாற்போல ஒரு பாரம் தெரியும். வேறு அறிவிப்பு இல்லை.

குலசேகரம் கேட்டார், ஆனால் கை கேட்கவில்லை. சும்மா இருக்கத் தெரியாத கை அது. மட்டை பிடிப்பதுபோலத் தூண்டில் கோலை மேலும் கீழும் விளாசிக்கொண்டிருந்தார். திரையில் இருந்த கீறல்கள் ஒவ்வொன்றாக விலகிப் போவதைச் செல்வரத்தினம் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார்.

ஒரு சின்ன சாண்டர், முழங்கையளவுகூட இல்லை, செல்வரத்தினத்தின் தூண்டிலில் வந்தது. அவர் அதை அவசரப்படாமல், ஆழத்தில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலே எடுத்தார். சட்டென்று இழுத்தால் உள்ளே காற்றுப்பை வீங்கி மீன் செத்துப்போகும். குலசேகரம் குனிந்து அதன் கண்ணைப் பார்த்தார். வெளிறிய, ஒளியை வாங்கித் திருப்பி அடிக்கும் கண்.

"இருட்டுக்குள்ளையும் தெரியுமாம்" என்று தூண்டில் பெட்டிக்குச் சொன்னார். "இப்பிடி ஒரு கண் சில அம்பயர்மாருக்கு இருந்திருக்கலாம்."

செல்வரத்தினம் மீனைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் விட்டார். அது அம்புபோல் கீழே போனது. "கால் விக்கெட்டுக்கு நேரை நிண்டால் எந்தக் கண்ணுக்கும் அவுட்தான்" என்று குடுவைக்குச் சொல்லிவிட்டுத் தேநீர் ஊற்றினார். ஒரு கோப்பையைத் தனக்கு எடுத்துக்கொண்டு, இன்னொன்றைப் படகின் நடுப்பலகையில் யாருக்கும் இல்லாததுபோல் வைத்தார். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தபோது அது காலியாக இருந்தது.

பிறகு இருவரும் பேசவில்லை. பெட்டியோடும் இல்லை, குடுவையோடும் இல்லை.

செல்வரத்தினத்துக்கு மௌனம் பழக்கம்தான். கண் பரிசோதனை அறையில் விளக்கை அணைத்துவிட்டு எதிரில் இருப்பவரின் கண்ணுக்குள் பார்க்கும்போது இருவரும் மூச்சைக் கூடப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். அந்த மௌனம் அவருக்குப் பிடிக்கும். அருள்நாயகி கோபத்தில் பாத்திரம் கழுவும்போது வரும் மௌனம் வேறு. அதற்குள் நடமாடும்போது கால் நுனியில் நடக்க வேண்டும். இந்தப் படகு மௌனம் எந்த வகை என்று அவருக்குப் பிடிபடவில்லை. எதிரில் இருந்த மனிதரின் தாடி நரைத்திருந்தது. ஏழு வருடத்துக்கு முன்னால் அது கறுப்பு. பக்கவாட்டில் இருந்து மட்டுமே பார்த்துப் பழகியதால் கவனிக்கவில்லை.

இப்போது சொல்லுவார் என்று நினைத்தார். வேறு யாரும் இல்லை. வெட்கப்பட ஒன்றுமில்லை. 'கலியாணத்துக்கு வா' என்று ஒரு சொல். தண்ணீர்மேல் சொன்னாலும் சொன்னதுதான். நேரம் போனது. அணைக்கு அப்பால் ரயில் ஒன்று போய்த் தேய்ந்தது. மூன்று மணிக்கே வெளிச்சம் இறங்கத் தொடங்கியது. இருட்டும் முன் படகைத் துறையில் விட வேண்டும். இறங்கிவிட்டால் யாக்கோப்பு நடுவில் வந்துவிடுவான், பிறகு இந்தச் சொல் எப்போதும் வராது.

சும்மா இருக்க வேண்டும் என்று ஒரு பகல் முழுக்கப் பாடம் நடத்தியவர், அந்த இடத்தில் தானே கையை ஆட்டிவிட்டார்.

"சில வீடுகளிலை" என்றார் குடுவையிடம், "கலியாணத்துக்கு வாயாலை சொல்லுறதெண்ட பழக்கம் இல்லைப் போலை."

குலசேகரத்தின் கை நின்றது. அன்று முழுவதும் ஓயாமல் விளாசிய கோல் அப்படியே நின்றுவிட்டது. நெடுநேரம் அவர் அசையவில்லை. கெடுத்துவிட்டேன் என்று செல்வரத்தினம் நினைத்தார். குடுவையின் மூடியைத் திறந்தார், மூடினார்.

"வாயாலை சொல்லுறது பிறத்தியாருக்கு" என்றார் குலசேகரம் கடைசியில். பெட்டியைப் பார்க்கவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நாள் வைச்சாச்சு எண்டு கேள்விப்பட்ட அண்டைக்கே, என்ன வேலை கிடக்கு எண்டு கேட்டுக்கொண்டு வாறவன்தான் தாய்மாமன். அவனுக்குப் போய் வெத்திலை வைச்சுச் சொன்னால் அவனையும் விருந்தாளி ஆக்கினது மாதிரி. நான் சொல்லமாட்டன். அவன் வருவான் வருவான் எண்டு பிள்ளையின்ரை தாய் வாசலைப் பாத்துக்கொண்டிருக்கிறா."

செல்வரத்தினம் இதுவரை அந்தப் பக்கத்தில் இருந்து யோசித்ததே இல்லை. அதுவும் பழக்கம்தான். அவருடைய அப்பாவே தன் சகோதரியின் மகள் கல்யாணத்துக்கு அப்படித்தான் போய் நின்றார், பந்தல் போட்ட பிறகுதான் வீடு திரும்பினார். அவரவர் வாசலில் அவரவர் நின்றுகொண்டு, அடுத்தவன் ஏன் இன்னும் வரவில்லை என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அத்தான் சொன்னது சரியென்று ஒப்புக்கொள்ளவும் மனம் வரவில்லை. தடிமன் என்று பொய் சொல்லி அனுப்பியவரும் இவர்தானே.

அப்போதுதான் குலசேகரத்தின் தூண்டில் நுனி தாழ்ந்திருப்பதைக் கண்டார். துடிப்பு இல்லை, இழுப்பு இல்லை. வெறுமனே ஒரு விரல் அளவு தாழ்ந்து, அப்படியே இருந்தது. பிடித்திருந்தவருக்கு அது தெரியவே இல்லை. அவர் எங்கேயோ இருந்தார். கை மட்டும் மறந்துபோய் அசையாமல் இருந்தது, அன்றைக்கு முதல் தடவையாகச் சரியாக.

செல்வரத்தினம் குடுவையைப் பார்த்தார். குடுவைக்குச் சொல்லி, அது பெட்டிக்குப் போய்ச் சேருவதற்குள் மீன் துப்பிவிட்டுப் போய்விடும்.

"அத்தான்" என்றார். "தூக்குங்கோ. இப்ப. மெல்லமா."

குலசேகரம் தூக்கினார். கோல் வில்லாக வளைந்தது.

பிறகு நடந்ததில் யார் யாரிடம் பேசினார்கள் என்று கணக்கு வைக்க நேரம் இருக்கவில்லை. றீலை இறுக்காதையுங்கோ என்றார் ஒருவர். இழுக்குதடா என்றார் மற்றவர். ஓடவிடுங்கோ, ஓடவிடுங்கோ, திரும்பி வரும். நங்கூரக் கயிற்றிலை மாட்டப்போகுது மச்சான். இந்தப் பக்கம் கோலைச் சாயுங்கோ. வலை எங்கை, வலையைத் தா. நான் பிடிக்கிறன், நீங்கள் இருங்கோ, எழும்பாதையுங்கோ, ரெண்டு பேரும் உள்ளுக்கை போகப்போறம். மெல்ல மெல்ல மேலே வந்த மீன், கடைசியில் சாம்பல் தண்ணீரில் பொன்னிறமாகப் புரண்டது. கை நீளம் இருக்கும். செல்வரத்தினம் மூன்று குளிர்காலம் தேடியும் காணாத மீன். மண்டியிட்டு அத்தானின் மீனுக்கு வலையை நீட்டி அள்ளினார்.

படம் எடுக்க வேண்டும் என்றார் குலசேகரம், பாலாம்பிகை நம்பமாட்டாள் என்றார். மீனைத் தண்ணீருக்கு மேலே கனநேரம் வைத்திருக்கக் கூடாது என்று செல்வரத்தினம் சொல்லிக்கொண்டே ஒரு படம் எடுத்தார். படத்தில் மீனின் கண்ணும் குலசேகரத்தின் பல்லும் மட்டும்தான் தெளிவாக விழுந்தன. மீனின் தலையை முன்னால் நீட்டி, நேர் கீழே தள்ளி விட வேண்டும் என்று அத்தானின் கையைப் பிடித்துக் காட்டினார். மீன் போனது. இருவரும் படகு விளிம்பில் குனிந்து, அது போன இடத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார்கள்.

செல்வரத்தினம் நங்கூரத்தை எடுத்தார். மோட்டாரைத் துறைப் பக்கம் திருப்பினார். வா என்று அத்தான் சொல்லப்போவதில்லை என்பது இப்போது தெளிவாகத் தெரிந்தது. தண்டவாளம் தண்டவாளம்தான். இன்னும் கொஞ்ச தூரம் இருந்தது. ஈரமான கையுறையைக் கழற்றிப் பிழிந்தார்.

"என்ன வேலை கிடக்கு அத்தான்?"

குலசேகரம் அவரை நேராகத் திரும்பிப் பார்த்தார். பிறகு ஏழு வருடம் தேக்கி வைத்திருந்ததைத் திறந்துவிட்டார். வாற ஞாயிறு வீட்டில் கன்னிக்கால் ஊன்ற வேண்டும், கல்யாண வீடு என்று காட்ட முற்றத்தில் நடும் கால். எல்லாரும் வாளிக்குள் மண்ணைப் போட்டு நடுகிறார்கள், அது தனக்குச் சரிவராது, நிலத்தில்தான் நட வேண்டும். நிலமோ உறைந்துபோய்க் கருங்கல்லாகக் கிடக்கிறது. வெஸ்ட் ஈலிங்கில் இருந்து ஐயரைக் கூட்டிவர ஆள் வேண்டும். அவர் காரின் முன் சீட்டில்தான் இருப்பார், வழி முழுக்க அரசியல் பேசுவார். மாப்பிள்ளையின் பெரியப்பா ஒருவர் நோர்வேயில் இருந்து வருகிறார், அவருக்கு எதிலும் திருப்தி வராது, அவரைப் பார்த்துக்கொள்ள ஒரு பொறுமைசாலி தேவை. சோற்றுக்காரன் கத்தரிக்காயைப் பெரிய துண்டாக வெட்டுகிறான்.

"காலமை ஆறு மணிக்கு நிக்க வேணும்" என்றார். "உறைஞ்ச நிலத்தைக் குத்த அலவாங்கு கொண்டு வா."

கண்ணாடிக் கடைக்காரனிடம் அலவாங்கு எங்கே இருக்கிறது என்று செல்வரத்தினம் கேட்கவில்லை. படகு துறையைத் தொட்ட பிறகும் குலசேகரம் நிறுத்தவில்லை. கயிற்றை வாங்கக் கை நீட்டியபடி நின்ற யாக்கோப்பு இருவரையும் மாறி மாறிப் பார்த்தான், முதுகு வலி அவனுக்கு அடியோடு மறந்துபோயிருந்தது. கார் நிற்கும் இடம்வரைக்கும் அத்தான் கூடவே வந்து மண்டபத்து வாசலில் யார் யார் நிற்பது என்று விளக்கினார். கதவை மூடிய பிறகும் கண்ணாடியில் தட்டி, பன்னீர்ச் செம்பு ஒன்று குறைகிறது என்றார்.

அவர் போனதும் செல்வரத்தினம் காரின் ஹீட்டரைப் போட்டார். பிறகு அருள்நாயகிக்குப் போன் எடுத்தார்.

அத்தானும் தானும் ஒரே படகில் போனதைச் சொன்னார்.

"அப்ப, வாயாலை சொன்னவரோ?"

"இல்லை. சொல்லேல்லை" என்றார் செல்வரத்தினம். "அலவாங்கு கொண்டு வரச் சொன்னவர். ஞாயிறு காலமை ஆறு மணிக்கு."

மறுமுனையில் அருள்நாயகி அலுமாரியைத் திறக்கும் சத்தம் கேட்டது.

"இஞ்சாருங்கோ, வரேக்கை கடையிலை நிண்டு ஊசியும் பச்சை நூலும் வாங்கிக்கொண்டு வாங்கோ" என்றாள். "கலியாணச் சாறிக்குச் சட்டை தைக்கக் கிடக்கு."